ஆப்பிள் பறிக்கப் போகும் பிள்ளைக்கு: அமெரிக்காவுக்குப் புதிதாகப் போயிருக்கும் வடசென்னைக் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் என் போனுக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். எல்லாம் நம் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பெண்கள். கணவருக்கு அங்கே வேலை கிடைத்து, நாலைந்து வயதுப் பிள்ளையோடு போயிருப்பார்கள். நான் ஒன்பது வருடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். யாராவது என் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தடவை பேசியவள் எங்கள் கீழ்வீட்டு அம்மாவின் மகள். ஜூலையில்தான் போனாள்.

"அக்கா, ஸ்கூல்ல ஆப்பிள் பறிக்கக் கூட்டிட்டுப் போறாங்களாம். ஒரு பேப்பர் குடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அடிபட்டா நாங்க பொறுப்பில்லைன்னு வேற போட்டிருக்கு. அனுப்பலாமாக்கா? பயமா இருக்கு."

அனுப்பலாம். கண்டிப்பாக அனுப்புங்கள். அவளுக்கு ஒரு மணி நேரம் போனில் சொன்னதை, இந்த வருடம் போயிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் பார்த்தது பாஸ்டனுக்கு மேற்கே உள்ள ஊர்களை. நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன் பக்கம் போனவர்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும். தெற்கே டெக்சாஸ் பக்கம் என்றால் ஆப்பிளுக்குப் பதில் பூசணித் தோட்டமாக இருக்கலாம். பேப்பரும் பஸ்ஸும் கட்டுச்சோறும் அங்கேயும் இதே மாதிரிதான்.

நம் ஊரில் ஸ்கூல் டூர் என்றால் வண்டலூர், கிண்டி பாம்புப் பண்ணை, கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கம், கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் மாமல்லபுரம். பணம் கட்டியவர்கள் போவார்கள், மற்றவர்களுக்கு அன்றைக்கு லீவு மாதிரி. பாடத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இருக்காது. அங்கே அப்படி இல்லை. பள்ளி திறந்து மூன்றாவது, நாலாவது வாரத்தில் வரும் இந்த ஆப்பிள் பயணம் பாடத்தோடு பாடமாக வருவது. கிண்டர்கார்டன் வகுப்பில் அந்த மாதம் முழுக்க ஆப்பிள்தான். விதை, செடி, பூ, தேனீ, காய், பழம் என்று வட்டமாக வரைவார்கள். சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை, மஞ்சள் எத்தனை என்று எண்ணிக் கட்டம் போடுவார்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, நடுவில் இருக்கும் ஐந்து முனை நட்சத்திரத்தைக் காட்டுவார்கள். ஜானி ஆப்பிள்சீட் கதை சொல்வார்கள். அவர் கற்பனை மனிதர் இல்லை. ஜான் சாப்மன் என்று பெயர், 1774-ல் மாசசூசெட்ஸின் லெமின்ஸ்டரில் பிறந்தவர், ஒஹையோ, இண்டியானா பக்கமெல்லாம் ஆப்பிள் நாற்றங்கால் போட்டுக்கொண்டே போனவர்.

அந்த ஒரு நாள் போகாத பிள்ளைக்கு அந்த மாதப் பாடமே ஒட்டாமல் போய்விடும். இதை நான் என் மகனை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் போனது 2011 ஆகஸ்ட்டில். அவனுக்கு ஐந்து வயது. தினமும் பையில் ஒரு ஃபோல்டர் வரும், அதற்குள் கத்தை கத்தையாகக் காகிதம். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அதையெல்லாம் எடுத்துப் படிக்கவே கை நடுங்கும். ஒரு நாள் மஞ்சள் தாள் ஒன்று வந்தது. காயம், ஆஸ்பத்திரி, பொறுப்பு என்ற வார்த்தைகள்தான் முதலில் என் கண்ணில் பட்டன. பஸ்ஸில் ஒரு மணி நேரம், யாருடையது என்றே தெரியாத தோட்டம், ட்ராக்டர் வண்டி. இவனுக்கோ வாய் திறந்து பாத்ரூம் கேட்கக்கூடத் தெரியாது. கணவரிடம் காட்டினேன். "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்றார். ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து மாட்டினேன். கடைசித் தேதி தாண்டிவிட்டது. அன்றைக்கு அவனை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆப்பிள் கிடைத்த இடத்தை வரைந்தார்கள். இவனும் வரைந்தான். பின்னால் நான் பள்ளிக்குப் போனபோது சுவரில் வரிசையாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மரம், மரம், ட்ராக்டர், மரம். என் மகன் வரைந்திருந்தது நாலு சக்கரத் தள்ளுவண்டி. அதன் மேல் அடுக்கிய ஆப்பிள், தொங்கும் குண்டு பல்பு, பக்கத்தில் தராசு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு முனையில் நாங்கள் வாங்கும் வண்டி அது. ஆப்பிள் எங்கே கிடைக்கும் என்றால் அவனுக்குத் தெரிந்த இடம் அதுதான். டீச்சர் அதன் கீழே அன்பாக ஒரு வரி எழுதியிருந்தார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. அந்தப் படம் இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

அவன் மேல் தப்பு இல்லை. நம் பிள்ளைகள் ஆப்பிள் மரத்தை எங்கே பார்த்திருப்பார்கள்? அந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் நீண்ட தூக்கம் வேண்டும். பெரும்பாலான வகைகள் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடந்தால்தான் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். திருவொற்றியூர்க் கடற்காற்றில் அதற்கு வழியில்லை. நமக்கு வருவது காஷ்மீர் ஆப்பிள், சிம்லா ஆப்பிள், இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டிய வாஷிங்டன் ஆப்பிள். சிம்லா ஆப்பிளுக்கும் அமெரிக்காவோடு உறவு உண்டு. பிலடெல்பியாவில் பிறந்து இந்தியாவுக்கு வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1916-ல் அமெரிக்க ரெட் டெலிஷஸ் கன்றுகளைச் சிம்லாவை அடுத்த கோட்கர் பகுதியில் நட்டார். பின்னாளில் சத்யானந்த ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு இங்கேயே வாழ்ந்தார். பயணத்துக்கு முன்தின ராத்திரி இதைப் பிள்ளைக்குக் கதையாகச் சொல்லுங்கள். நம் தெரு வண்டியில் விற்கும் ஆப்பிளுக்குத் தாத்தா ஊர் அமெரிக்கா என்று தெரிந்தால், வகுப்பில் சொல்ல அதற்கும் ஒன்று இருக்கும்.

அந்தப் பேப்பர்

அதைப் பர்மிஷன் ஸ்லிப் என்பார்கள். தேதி, தோட்டத்தின் பெயர், பஸ் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், கட்டணம், மழை வந்தால் மாற்றுத் தேதி, அவசரத்துக்கு உங்கள் போன் எண், பிள்ளைக்கு ஒவ்வாமை உண்டா, மருந்து உண்டா, துணைக்குப் பெற்றோர் வர முடியுமா, கடைசியில் கையெழுத்து. இவ்வளவுதான் இருக்கும். பயமுறுத்தும் அந்த வரி எல்லாப் பள்ளி ஸ்லிப்பிலும் வழக்கமாக வருவது. உங்களைத் தொடர்புகொள்ள முடியாத நிலையில் பிள்ளைக்கு உடனே சிகிச்சை கொடுக்கவும் அதிலேயே அனுமதி கேட்டிருப்பார்கள். அது பிள்ளைக்கு நல்லதுதான். அதனால் போன் எண்ணை மட்டும் சரியாக எழுதுங்கள். இந்திய எண்ணைப் போட்டுவிட்டால் அவசரத்தில் யாருக்கும் பயன்படாது.

கையெழுத்து இல்லாத பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். காலையில் ஓடிப்போய் டீச்சரிடம் வாயால் சொன்னால் போதாது. தாள் வந்த அன்றே போட்டு, மறுநாளே ஃபோல்டரில் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எங்கள் காலத்தில் 12 டாலர் கேட்டார்கள். முதல் சம்பளம் வரும் முன்னால், வீட்டு அட்வான்ஸ், கட்டில், மெத்தை என்று எல்லாம் கரைந்திருக்கும் நேரத்தில் அதுவும் பெரிய தொகைதான். கஷ்டமாக இருந்தால் டீச்சருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். பல ஸ்லிப்பில் அதற்கென்றே ஒரு வரி இருக்கும். பணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக டீச்சர்களுக்கு மனசு வராது, ஏதாவது வழி செய்வார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இங்கிலீஷ் புரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள், பெற்றோருக்குப் புரியும் மொழியில் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். "தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும்" என்று ஆபீஸில் கேட்கலாம், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் எனக்கு மூன்றாவது வருடம்தான் தெரிய வந்தது.

உடுப்பு

கடையில் ஸ்வெட்டரும் ஜெர்கினும் வாங்கி மூட்டை கட்டாதீர்கள் என்று போகிறவர்களிடம் எப்போதும் சொல்வேன். எம்.சி. ரோட்டில் முழுக்கை டீ-ஷர்ட், தடிமனான முழு பேன்ட், நிறைய சாக்ஸ் வாங்குங்கள். மேலே போடும் ஜாக்கெட்டை அங்கே போய் வாங்குங்கள். செப்டம்பர் கடைசியில் காலை 50 டிகிரி என்று சொல்வார்கள். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 10 டிகிரி. சென்னையில் மார்கழியிலும் பார்க்காத குளிர் அது. மதியம் பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறி ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று உடுப்பு. ஜாக்கெட்டின் உள்பக்கம் பெயர் எழுதிவிடுங்கள். இருபது பிள்ளைகள் கழற்றிப் போட்டால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

செருப்பு வேண்டாம். புல்லெல்லாம் காலைப் பனியில் நனைந்து கிடக்கும், கீழே அழுகிய ஆப்பிள் வழுக்கும். பழைய ஷூ நல்லது. தூறல் விழுந்தாலும் பெரும்பாலும் பயணம் நடக்கும். மழை என்றால் லீவு என்று பழகிய நமக்கு அது புதிது.

சாப்பாடு

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். அக்கறையோடு எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுப்பார்கள், மேலே வேர்க்கடலை தாளித்திருக்கும். பல வகுப்புகளில் கடலை, முந்திரி, பாதாம் எதுவும் கூடாது. பக்கத்துப் பிள்ளைக்குக் கடலை ஒவ்வாமை இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. புளியோதரையில் கடலை, சட்னியில் கடலை, பொங்கலில் முந்திரி என்று நம் சமையலில் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். இட்லிப் பொடியில் எள்ளு இருக்கும். அங்கே எள்ளும் 2023-லிருந்து முக்கிய ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வகுப்பில் எது தடை என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் மேஜை, ஸ்பூன், மைக்ரோவேவ் எதையும் எதிர்பார்க்க முடியாது. புல்லில் உட்கார்ந்து, கையில் பிடித்துச் சாப்பிட வேண்டும். சப்பாத்தியில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் நெய் தடவிய குட்டி இட்லி. சாப்பிட்டதும் தூக்கிப் போடுகிற மாதிரிக் காகிதப் பையில் கட்டுங்கள். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டப்பா அன்றைக்கு வேண்டாம், தொலைந்தால் உங்களுக்குத்தான் மனசு கஷ்டப்படும். பள்ளியில் இலவச மதிய உணவு வாங்கும் பிள்ளை என்றால், அன்றைக்கும் பள்ளியே பொட்டலம் கட்டித் தருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஒரு வாக்கியத்தைப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள்: "ஐ நீட் டு கோ டு த பாத்ரூம்." ஒன்னுக்கு, ரெண்டுக்கு என்று கேட்டால் டீச்சருக்குப் புரியாது. தோட்டத்தில் இருப்பது பிளாஸ்டிக் அறை மாதிரியான தற்காலிகக் கழிப்பறை. உள்ளே இருட்டாக இருக்கும், பிள்ளைகள் பயப்படுவார்கள். பஸ் ஏறும் முன் பள்ளியிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள்.

குளவியும் உண்ணியும்

கீழே விழுந்து புளித்த ஆப்பிளைத் தேடி மஞ்சள் குளவி வரும். தேனீயைவிட அந்தப் பருவத்தில் இதுதான் தொல்லை. கையை வீசி விரட்டினால் கொட்டும். அசையாமல் நின்றால் போய்விடும். ஜூஸ் குடிக்கும் முன் டம்ளருக்குள் பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது பூச்சி கொட்டி உடம்பு தடித்தோ மூச்சு வாங்கியோ இருந்தால் ஸ்லிப்பில் அவசியம் எழுதுங்கள்.

உண்ணி நமக்குத் தெரிந்ததுதான், தெரு நாய் காதில் பார்த்திருப்போம். அங்கே இருக்கும் மான் உண்ணி எள்ளு அளவுதான், ஆனால் லைம் நோயைக் கொடுக்கும். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரில் முதலில் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர். இலையுதிர் காலத்திலும் அது திரியும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகி அனுப்புங்கள். வெளிர் நிற உடுப்பாக இருந்தால் ஊர்வது தெரியும். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி என்று நம் வைத்தியம் எதுவும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு. அடுத்த ஒரு மாதத்துக்குள் சிவப்பு வட்டமாகப் படை மாதிரி பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இதைக் கேட்டுப் பயந்து பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். அங்கே வீட்டுத் தோட்டத்திலும் உண்ணி உண்டு, இந்தப் பழக்கம் எப்படியும் வர வேண்டியதுதான்.

நீங்களும் போங்கள்

இரண்டாவது வருடம் மகள் கிண்டர்கார்டன் சேர்ந்தாள். அந்தத் தடவை ஸ்லிப்பில், துணைக்கு வர முடியும் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அதுதான் நான் அங்கே செய்த நல்ல காரியங்களில் முதலாவது.

துணைக்குப் போகும் பெற்றோரைப் பற்றி அந்த மாநிலத்தில் குற்றப் பதிவுகளைச் சரிபார்ப்பார்கள். கோரி என்று சொல்வார்கள். ஒரு படிவமும் அடையாள அட்டையும்தான். பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னும் வரவில்லை என்றால் அதை ஆபீஸில் சொல்லிவிடுங்கள். முடிவு வர நாளாகலாம், அதனால் பள்ளி திறந்த முதல் வாரமே கொடுத்துவிடுவது நல்லது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள்.

உங்களிடம் நாலைந்து பிள்ளைகளை ஒப்படைப்பார்கள். எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வேலை. வண்டியில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. நம் வீட்டுத் தின்பண்டத்தை அடுத்த பிள்ளைக்கு ஆசையாக நீட்டக் கூடாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் மற்ற பிள்ளைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போடக் கூடாது. ஆப்பிள் நறுக்கித் தரலாம் என்று கைப்பையில் சின்னக் கத்தி எடுத்துப் போகவே கூடாது. பள்ளி நிகழ்ச்சியில் கத்தி பெரிய பிரச்சினையாகிவிடும். நான் எடுத்து வைத்திருந்தேன். கிளம்பும் முன் கணவர் பார்த்து எடுத்துவிட்டார்.

போல்டன், ஸ்டோ பக்கம் தோட்டங்கள் நிறைய. ட்ராக்டர் பின்னால் வைக்கோல் கட்டுகள் அடுக்கிய வண்டி, அதில் உட்கார்ந்து மரங்களுக்கு நடுவே போக வேண்டும். மரம் என்றதும் நான் மாமரம் மாதிரி நினைத்திருந்தேன். பல தோட்டங்களில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான். குட்டை ரக வேரில் ஒட்டுக் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி வளர்க்கிறார்கள். அந்தச் சின்ன மரத்தில் கிளை தாழக் காய்த்துத் தொங்குவதைப் பார்த்து நானே வாய் பேசாமல் நின்றுவிட்டேன்.

நம் பிள்ளைகள் பள்ளி வாதாம் மரத்தில் கல்லெறிந்து பழகியவர்கள், அதனால் பறிக்கும் முறையை முன்பே சொல்லிக் கொடுங்கள். கீழ்நோக்கி இழுக்கக் கூடாது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருப்பினால் காம்போடு கையில் வந்துவிடும். அப்படி வராவிட்டால் அது இன்னும் பழுக்கவில்லை. பிடித்து இழுத்தால் அடுத்த வருடம் பூக்க வேண்டிய மொட்டுக் குச்சியும் சேர்ந்து ஒடிந்துவிடும். வெயில் படும் வெளிக்கிளையில்தான் முதலில் பழுக்கும். மரத்தில் ஏறக் கூடாது, கிளையை உலுக்கக் கூடாது, பழத்தை எறியக் கூடாது. கீழே விழுந்ததை எடுக்க வேண்டாம், மான், பறவை எச்சம் பட்டிருக்கலாம். மேலே வெள்ளைப் பொடி மாதிரி இருப்பது பெரும்பாலும் பழத்தின் இயற்கையான மெழுகு. ஆனாலும் மருந்து அடிப்பார்கள், தண்ணீரில் கழுவித்தான் கடிக்க வேண்டும்.

ஒவ்வொரு வரிசைக்கும் பெயர்ப் பலகை உண்டு. செப்டம்பரில் மெக்கின்டாஷ், காலா, கார்ட்லண்ட் இருக்கும். மாத முடிவில் எம்பயர், மக்கூன். மெக்கின்டாஷ் புளிப்பும் வாசனையும் கலந்தது. ஆப்பிள் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் பெயர் வந்தது இந்தப் பழத்தால்தான் என்று உங்கள் வீட்டு மென்பொருள்காரரிடம் சொல்லுங்கள். ஹனிக்ரிஸ்ப் கடித்தால் சாறு தெறிக்கும், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். கார்ட்லண்ட் நறுக்கி வைத்தாலும் சீக்கிரம் கறுக்காது, அதனால் டிபன் பாக்ஸுக்கு அதை எடுங்கள்.

கடைசியில் சைடர் கொடுப்பார்கள். அங்கே சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு, சாராயம் இல்லை. ஹார்ட் சைடர் என்பதுதான் மது. பாஸ்சுரைஸ் செய்ததா, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கியதா என்று பாட்டிலைப் பாருங்கள். செய்யாதது என்றால் எச்சரிக்கை எழுதியிருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். சைடர் டோனட்டில் முட்டை இருக்கலாம், எந்தக் கொழுப்பில் பொரித்தார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சைவக் குடும்பம் என்றால் கேட்டு வாங்குங்கள்.

நான் இந்தப் பயணத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்குப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு பிரேசில்காரப் பெண். அவளுக்கும் இங்கிலீஷ் என்னைப் போலத்தான். பிள்ளைகளை எண்ணும்போது அவள் போர்ச்சுகீஸில் எண்ணினாள், நான் தமிழில் எண்ணினேன், இரண்டு பேருக்கும் கணக்கு சரியாக வந்தது. இறங்கும்போது போன் எண் வாங்கிக்கொண்டோம். அந்த ஊரில் கணவரைத் தவிர நான் பேசிய முதல் ஆள் அவள்தான். பனிக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கார் எடுத்துக்கொண்டு வந்து நின்றவளும் அவள்தான். தண்டையார்பேட்டையில் கதவைத் திறந்தால் மனிதர்கள். அங்கே கதவைத் திறந்தால் புல்வெளி. மனிதர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது, அதற்கு இந்தப் பஸ் நல்ல இடம்.

வீட்டுக்கு வந்த பை

பிள்ளை சின்னப் பையோடு வரும். பிடித்துப்போய் வார இறுதியில் குடும்பத்தோடு போனீர்கள் என்றால் பெக் என்ற அளவில் பை தருவார்கள், ஏறக்குறைய நாலரைக் கிலோ பிடிக்கும். ஆசைக்கு அரை பெக் போதும். அடிபட்டதைத் தனியாக எடுத்து முதலில் சாப்பிடுங்கள், ஒன்று அழுகினால் மற்றதும் அழுகும். கழுவாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், கீரையை மட்டும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆப்பிளிலிருந்து வரும் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

மாங்காய் கிடைக்காத அந்த ஊரில் கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் நமக்குப் பெரிய துணை. அது பறிப்புத் தோட்டத்தில் செப்டம்பரில் பழுத்திருக்காது, கடையில் எப்போதும் கிடைக்கும். துருவி, நல்லெண்ணெயில் மிளகாய்த் தூள், வெந்தயப் பொடி, பெருங்காயம் போட்டு வதக்கினால் மாங்காய்த் தொக்குதான். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் நான் அதைத்தான் போட்டேன். காசிமேட்டு ஞாபகம் வந்தால் மாங்காய் போட்ட மீன் குழம்புக்குப் பதில் இதைப் போட்டுப் பாருங்கள். மாங்காயைவிடச் சீக்கிரம் கரையும், இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்னால் போட்டால் போதும். புளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

தோட்டத்து வாசலில் மம்ஸ் என்று தொட்டி தொட்டியாகப் பூ விற்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் நம் சாமந்தி. நவராத்திரி நேரமாகவும் இருக்கும். ஒரு தொட்டி வாங்கி வையுங்கள், ஆயுத பூஜைக்குப் பூ ஆயிற்று. பக்கத்திலேயே பரங்கிக்காய் குவியலும் இருக்கும்.

அன்றைக்குப் பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கிவிடும். அங்கே மாலை ஏழு மணி என்றால் இங்கே விடியற்காலை நாலரை, பாட்டியும் தூக்கத்தில் இருப்பார். அதனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஸ்கூல் பஸ் வரும் முன்னால் வீடியோ கால் போடுங்கள். இங்கே அப்போது மாலை நாலரை, டீ நேரம். போன வாரம் எங்கள் கீழ்வீட்டில் அப்படித்தான் நடந்தது. பேரன் ஒரு கையால் ஆப்பிளைக் கேமராவுக்கு ஒட்டிப் பிடித்திருந்தான், திரை முழுக்கச் சிவப்பு. பாட்டி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளிப் புடி கண்ணு, காம்பு தெரியணும்" என்றார்.